மேடை கேட்ட நாகசுரம்

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தில் ஓர் இசைக்கலைஞரின் கதையைச் சொல்கிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்தவர். பின்னர் இறைவன் ஆணையால் உள்ளே அழைக்கப்பட்டார். யாழில் ஈரம் படாதிருக்கப் பொற்பலகையும் இடப்பட்டது. அக்கதை எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் நாகசுரக் கலைஞர் தெருவில் ஊர்வலத்தோடு நடந்தபடியே வாசிக்க வேண்டியிருந்தது. பொற்பலகை வரும்வரை காத்திராமல் தாமே மேடையைக் கேட்டுப் பெற்றவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

1898-இல் திருமருகலில் பிறந்தவர்; தாய்மாமன் நடேச பிள்ளையின் வளர்ப்பு. வாய்ப்பாட்டில் பெற்ற தேர்ச்சி அவருடைய வாசிப்பில் கடைசிவரை ஒலித்தது. அந்நாளில் வழக்கிலிருந்த திமிரி நாகசுரம் குட்டையானது, உச்ச சுருதி கொண்டது. தெருக்கோடிவரை கேட்க அது ஏற்றது, அரங்குக்கு ஏற்றதன்று. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணத்தில் நீண்ட பாரி நாகசுரம் உருப்பெற, அதை ராஜரத்தினம் தமதாக்கிக்கொண்டார். சுத்த மத்திமம் அதில் பிசிறின்றிப் பேசியது. ஒத்து இருந்த இடத்தில் தம்புரா வந்தது. தரையில் நின்றவர் மேடையில் அமர்ந்தார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். இது வெறும் அலங்காரமன்று.

இந்தக் காலத்தோடு இணைந்தே வானொலியும் வளர்ந்தது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் சென்னையில் வானொலி மன்றம் ஒன்று தோன்றியது. பொருள் முடையால் அது நின்றபோது ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 முதல் மாநகராட்சியே மாலைதோறும் உள்ளூர் இசையை ஒலிபரப்பிற்று. சாலையும் விளக்கும் போல இசையும் நகர மக்களுக்குரியது என்று ஓர் உள்ளாட்சி கருதிய காலம் அது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டில் திருச்சி நிலையமும் தொடங்கின. காவிரிக் கரைக் கலைஞருக்கு ஒலிவாங்கி அருகிலேயே வந்துவிட்டது.

ஒலிவாங்கியின் முன் நாகசுரம் அடைந்த மாற்றத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே சுவாமி புறப்பாடு இல்லை, மணமகன் ஊர்வலம் இல்லை. இசை மட்டுமே உண்டு. கலைஞரின் பெயர் முதலில் அறிவிக்கப்பட்டது, அதன்பின் ராகம். கேட்பவர் அவரை நடக்கச் சொல்ல இயலாது, நிற்கச் சொல்லவும் இயலாது. திருவிழாவுக்கு வர வழியில்லாத ஊர்களிலும் அவருடைய தோடியைத் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்க முடிந்தது.

1940-இல் ‘காளமேகம்’ படத்தில் நடித்தார். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1947 ஆகஸ்ட் 14 இரவு, ஆதீனத்தார் தில்லியில் நேருவிடம் செங்கோல் அளித்த நிகழ்வில் ஒலித்தது அவருடைய நாகசுரம். முன்கோபமும் கைநிறைந்த செலவும் அவருடனேயே இருந்தன. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமற்போனதும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ரசிகர்கள் அறிந்தே மன்னித்தவை அவை. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் மறைந்தார்.

இன்று குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் விடியுமுன் புறப்படும் தொழிற்சாலைப் பேருந்துகளில் பண்பலை ஒலிக்கிறது. அவற்றில் திரைப்பாடல்களே ஆட்சி செய்கின்றன. கோயில்கள் பலவற்றில் தவிலும் நாகசுரமும் இருந்த இடத்தை மின்சார முரசு பிடித்துவிட்டது. இவ்வட்டாரத்து நாகசுரக் கலைஞர் ஒருவரின் பெயரை முதலில் சொல்லி, பின்னர் ராகத்தைச் சொல்லும் அரைமணி நேரம் ஒன்றை ஒதுக்க எந்த நிலையத்துக்கும் பெருஞ்செலவு ஆகாது. மாநகராட்சி ஒன்று 1930-இலேயே செய்த வேலைதான் அது.