இரட்டைமலை சீனிவாசன்: கடல் கடந்த கல்வி

1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவராகவும், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் பங்கேற்றவராகவும் இரட்டைமலை சீனிவாசனை நாம் அறிவோம். இடையில் அவர் அயல்நாட்டில் கழித்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்ட நாடு அது. வெள்ளையரின் நிறவெறி அங்கே சாதி பாராமல் இந்தியர் அனைவரையும் ஒதுக்கியது. ஊரில் தீட்டு கற்பித்தவர்களும் அங்கே தீட்டுக்குரியவர்களாயினர். ஒதுக்குதல் இயற்கை நியதியன்று, அதிகாரம் வகுத்த விதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாடு திரும்பியவர் 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியினரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார்.

ரோமா குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கிய செக் குடியரசின் செயல் பாகுபாடே என 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அயல்நாடு செல்லும் நம் மாணவர்கள் பட்டத்தோடு இத்தகைய போராட்டங்களையும் கற்றுவரட்டும். கற்றதை நம் தெருவுக்கான உரிமையாக மாற்றுவதே சீனிவாசன் காட்டிய வழி.