நடந்தே நாட்டை அளந்தவர்!

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை எத்தனை காலடிகள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா குட்டீஸ்? அப்படிக் காலடிகளை எண்ணி நடக்கத் தொடங்கி, தன் நாட்டுக்கே வரைபடம் தந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஜப்பானைச் சேர்ந்த இனோ தடதாகா!

கடலோரக் கிராமம் ஒன்றில், 1745ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 17 வயதில், சவாரா என்ற சிற்றூரில் வாழ்ந்த இனோ குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகச் சென்றார். அந்தக் குடும்பப் பெயரே அவர் பெயரும் ஆனது. நொடித்துப்போயிருந்த அரிசி வியாபாரத்தையும், மது காய்ச்சும் தொழிலையும் கடுமையாக உழைத்துத் தூக்கி நிறுத்தினார். 1780களில் கொடிய பஞ்சம் வந்தபோது, ஊர் மக்களுக்கு அரிசி கொடுத்து உதவினார்.

ஆனாலும், அவர் மனம் கணிதத்திலும் வானியலிலும்தான் இருந்தது. 49 வயதில் தொழிலை மகனிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டே எடோ நகருக்குக் கிளம்பினார். அதுதான் இன்றைய டோக்கியோ. அங்கே தகாஹாஷி யோஷிடோகி என்ற வானியல் அறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியரோ, மாணவரை விட 19 வயது இளையவர்! இனோ அதற்காகக் கூச்சப்படவே இல்லை.

பூமி எவ்வளவு பெரியது? இந்தக் கேள்விதான் இருவரையும் குடைந்தது. பூமியைச் சுற்றி 360 பாகைகள். வடக்கு தெற்காக ஒரு பாகையின் தூரம் தெரிந்தால் போதும். 360ஆல் பெருக்கி, பூமியின் சுற்றளவைச் சொல்லிவிடலாம். உடனே இனோ, தன் வீட்டிலிருந்து வானியல் நிலையம் வரை காலடிகளை எண்ணி நடந்து கணக்குப் போட்டார். இவ்வளவு குறைந்த தூரத்தில் கணக்கு சரியாக வராது என்றார் ஆசிரியர். வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவு வரை அளக்க வேண்டுமாம்!

அந்நாளில், நினைத்த இடத்துக்கெல்லாம் போய்விட முடியாது. அரசின் அனுமதி வேண்டும். ரஷ்யக் கப்பல்கள் வடக்கே வந்துபோனதால், அரசுக்கும் அப்பகுதியின் வரைபடம் தேவைப்பட்டது. அனுமதி கிடைத்தது. 1800ம் ஆண்டு, 55 வயதில் பயணத்தைத் தொடங்கினார் இனோ. செலவில் பெரும்பகுதி அவர் சொந்தப் பணம்.

முதல் பயணத்தில் காலடியே அளவுகோல். ஒரு காலடி ஏறத்தாழ 69 செ.மீ. ஒரே சீராக நடந்தால்தானே கணக்கு சரியாக வரும்? பிறகு, கயிறும் இரும்புச் சங்கிலியும் கொண்டு அளந்தார். வளைவுகளில் திசைகாட்டி வைத்துக் கோணம் பார்த்தார். தூரத்து மலை உச்சியைப் பல இடங்களிலிருந்து நோக்கி, தவறு இருக்கிறதா என்று சோதித்தார். பகலெல்லாம் நடை, இரவில் நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் வேலை!

ஒரு பாகையின் தூரத்தையும் கண்டுபிடித்தார். இன்றைய கணக்குக்கும் அதற்கும் ஒரு கிலோமீட்டர் கூட வித்தியாசம் இல்லை!

1804ல், இளம் வயதிலேயே ஆசிரியர் இறந்துபோனார். இனோ கலங்கினாலும் வேலையை நிறுத்தவில்லை. அதே ஆண்டு, கிழக்கு ஜப்பானின் வரைபடத்தைப் பார்த்து வியந்த ஆட்சியாளர், மேற்குப் பகுதியையும் அளக்கச் சொன்னார். 1816 வரை மொத்தம் 10 பயணங்கள். முதுமையால் ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் அவரால் போக முடியவில்லை.

வரைபடம் முடியும் முன்பே, 1818ல் இனோ காலமானார். அவர் மறைவை வெளியே சொல்லாமல், உடன் உழைத்தவர்கள் வேலையைத் தொடர்ந்தனர். 1821ல் வரைபடம் தயாரானது. பெரிய அளவில் மட்டும் 214 தாள்கள்! கிராமங்கள், சாலைகள், ஆறுகள் எல்லாம் அதில் உண்டு. நடந்து அளந்த வழி சிவப்புக் கோடாக ஓடும். அளக்காத இடங்களைக் கற்பனையாக நிரப்பாமல், வெறுமையாகவே விட்டிருந்தனர்.

1861ல் ஜப்பான் கடற்கரையை அளக்க வந்த ஆங்கிலேயக் கப்பற்படையினர், இதன் பிரதியைப் பார்த்து அசந்துபோயினர். தங்கள் வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டனர்.

1873ல் அரண்மனைத் தீ விபத்தில் மூல வரைபடம் எரிந்து போனது. வேறொரு பிரதி, 1923ம் ஆண்டு பூகம்பத்தில் அழிந்தது. அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தபோது, 2001ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 200க்கும் மேற்பட்ட தாள்களின் பிரதிகள் கிடைத்தன!

சவாராவில் ஆற்றங்கரையில் இனோவின் வீடு இன்றும் இருக்கிறது. அவரது கருவிகளும் வரைபடங்களும் 2010ல் ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. டோக்கியோவில், தன்னை விட இளையவரான ஆசிரியரின் கல்லறை அருகிலேயே உறங்குகிறார் அந்த மாணவர்.

குட்டீஸ்... நாளை பள்ளிக்கு நடக்கும்போது காலடிகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு நீங்களே ஒரு வரைபடம் வரையலாமே!