விபுலானந்த அடிகளும் சொல் பிறந்த அவையும்

பாலையூற்றிலிருந்து நகருக்கு நடந்து வந்து திருக்கோணமலை இந்துக் கல்லூரியிலே கற்ற நாம், அறிவியலைத் தாய்மொழியிலே படித்தோம். பாடநூலிற் கண்ட சொற்கள் தொன்றுதொட்டே இருந்தன என்று அன்று எண்ணினோம். அவற்றுட் பல, அறிஞர் ஒருங்கிருந்து வாதித்துத் தெளிந்தவை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவ்வவையை வழிநடத்திய பெரியார், நம் கல்லூரியையும் பேணிய விபுலானந்த அடிகளார்.

அடிகளார் 1892ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். தமிழ்ப் புலவரும் விஞ்ஞான ஆசிரியரும் அவர் ஒருவருள்ளேயே உரையாடினர் எனலாம். 1924இலே துறவு பூண்டு, மறு ஆண்டு இலங்கை மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். நம் கல்லூரியும் அவர் பராமரிப்பிலே தழைத்தது.

அக்காலம் துறைமுகத்திலும் அலுவலகத்திலும் ஆங்கிலமே கோலோச்சிய காலம். உயர் வகுப்புப் பாடங்களும் அம்மொழியிலேயே நடந்தன. தமிழிற் கற்பிக்க விழைந்த ஆசிரியரும், ஆளுக்கொரு சொல்லை ஆக்கிக்கொண்டால் ஒருவர் மாணாக்கன் மற்றவர் நூலை விளங்கமாட்டான். வடசொல்லை எடுத்தாள்வோம் என்பாரும், ஆங்கிலச் சொல்லே போதும் என்பாரும், தமிழிலேயே ஆக்குவோம் என்பாரும் நாட்டில் இருந்தனர். கட்டளை ஒன்றினால் தீரும் பிணக்கன்று இது.

1936இலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். துறை அறிந்தவரும் மொழி அறிந்தவரும் ஒருங்கிருந்து ஆய்ந்தனர். பொருளை அறிந்தவர் சொல்லை அறியார். சொல்லை அறிந்தவர் பொருளை அறியார். ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தபோதே இருவருக்கும் பொதுவான கருத்து உருவாயிற்று. அதன் பயனாக ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட தொகுதி 1938இல் வெளிவந்தது. பள்ளிகள் தமிழுக்கு மாறுதற்கு இத்தகைய உழைப்பே வழி சமைத்தது.

1943இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இலே யாழ் நூலை அரங்கேற்றி, அவ்வாண்டு ஜூலையிலேயே இறையடி சேர்ந்தார்.

ஒன்று இங்கு கூறல் தகும். பிற்காலத்திலே இலங்கையும் தமிழகமும் வெவ்வேறு குழுக்களை அமைத்தன. ஆதலால் இன்றும் நம் பிள்ளைகள் இரசாயனவியல், ஒட்சிசன் என்கின்றனர். அக்கரைப் பிள்ளைகள் வேதியியல், ஆக்சிஜன் என்கின்றனர். ஒருங்கிருந்தார் ஒரு சொல் பெற்றனர். பிரிந்திருந்தார் இரு சொல் பெற்றனர்.

பழைய மாணவராகிய நாம் கல்லூரியின் நலங்கருதிக் கூடும்போதெல்லாம் இதனை நினைத்தல் வேண்டும். முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு சபை கூட்டுதல் அடிகளார் காட்டிய நெறியன்று. மாறுபட்டோரையும் அருகிருத்திக் கேட்டலே அந்நெறி. அதனைப் பேணுவோமாக.