ஒரு முயலை இழந்தவர்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைச் சிறுவரின் புத்தகப்பைகளிலும் மிக்கி மவுஸைக் காண்கிறோம். அதற்குக் காரணகர்த்தா வோல்ட் டிஸ்னி. 1901இல் சிக்காகோவில் பிறந்த அவர், 1928இல் தமது ஒஸ்வால்ட் முயலை இழந்தார். ஒப்பந்தப்படி அதன் உரிமை விநியோகஸ்தர் பக்கமே இருந்தது. அவ்வாண்டே மிக்கி பிறந்தது. அதனை முதலில் வரைந்த கையோ அப் ஐவர்க்ஸ் என்ற சக ஓவியருடையது.

அவரது முதல் முழுநீளக் கார்ட்டூன் படமான ஸ்னோ வைட் 1937 டிசம்பரில், சுமார் 15 இலட்சம் டொலர் செலவில் வெளியாயிற்று. வீண்முயற்சி என முன்னர் நகைத்த ஹொலிவூட் வாயடைத்தது. (இரத்தினச் சுரங்கம் தோண்டும் அப்படத்தின் ஏழு குள்ளர்கள், மாணிக்கக் குழிகளை அறிந்த நம்மவர்க்கு அந்நியரல்லர்.) பொம்மை, புத்தகம், இசைத்தட்டு எனப் பெருகிய அவ்வணிகம் 1955இல் டிஸ்னிலாந்துப் பூங்காவாகவும் விரிந்தது.

ஆயினும் 1941இல் அவரது ஓவியர்கள் சம்பளத்துக்காகவும் தொழிற்சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தில் முன்னின்றவரை அவர் வேலைநீக்கம் செய்தமையே அதனை மூட்டிற்று. உரிமை பறிபோன வேதனையை அறிந்தவரே இவ்வாறு நடந்தமை நமக்கு உறுத்தலாகவே உள்ளது. தோட்டத் தொழிலாளருக்கோ இக்கதை புதிதன்று. இறுதியில் சங்கத்தை அவர் ஏற்க நேர்ந்தது.

1966இல் டிஸ்னி மறைந்தார். ஒஸ்வால்ட் முயலை அவரது நிறுவனம் 2006இல்தான் மீட்டது.