நூலே நிழலாயிற்று

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி, இராணுவப் பள்ளி ஆசிரியர். மஹார் குலத்திற் பிறந்த ஒரே காரணத்தால் இச்சிறுவர் பட்ட அல்லல் கொஞ்சமன்று.

சாத்தாராப் பள்ளியில், வீட்டிலிருந்து கொணர்ந்த கோணித்துண்டைத் தனியே விரித்து அமர்வார். தாகம் மேலிட்டாலும் குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதே. நாவிதர் மறுத்தமையால் தமக்கையாரே அவருக்கு முடி வெட்டிவிட்டார்.

பின்னர் குடும்பம் பம்பாய் சென்று, ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேலில் ஒற்றை அறையில் குடியேறிற்று. மைந்தர் முன்னிரவில் உறங்குவார். தந்தையார் இரண்டு மணிவரை விழித்திருந்து அவரை எழுப்பிவிட்டுப் பிறகே படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடம் நடக்கும். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலோ சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் கற்றார்.

பாடநூல்கள் அவருக்குப் போதவில்லை. கேட்ட நூல்களை வாங்கக் கையில் பணமில்லாதபோது, தந்தையார் மணமான பெண்களின் நகைகளைக் கடனாகப் பெற்று அடகு வைத்தார். மாலைதோறும் சர்னி ரோட்டுத் தோட்டத்தில் தனித்திருந்து படிக்கும் இம்மாணவரைக் கண்டு வியந்தவர் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் இயற்றிய புத்தர் சரிதத்தை அவருக்குப் பரிசளித்தார்.

அன்பர்களே! குழாய் தீட்டென்றது; வகுப்பு விலகியிரு என்றது. நூலின் ஏடு மட்டும் அவர் விரலைக் கண்டு ஒதுங்கவில்லை. எனினும் கல்வி இழிவைத் தானே துடைத்துவிடவில்லை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917-ல் பரோடாவில் உயர்பதவி ஏற்றவருக்கு, சேவகர்கள் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். தங்க இடமும் கிடைக்கவில்லை.

ஆகவே அவர் நூலின் நிழலிலேயே ஒளிந்திருக்கவில்லை. தாகத்தோடு இருந்த அச்சிறுவரே, 1927 மார்ச் 20-ல் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று மஹாட் சவதார்க் குளத்து நீரைப் பருகினார். பதினாறு வயதிற் கையேற்ற அந்நூல் விதைத்த விதை, நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மத்தைத் தழுவியபோது கனிந்தது.

அடகுக் கடைக்கு நடந்த அந்தத் தந்தையாரை நாம் மறவாதிருப்போமாக. நம் குடிசையிலும் ஒரு விளக்கும் ஒரு நூலும் பிள்ளைக்காகக் காத்திருக்கட்டும்.