தளிர் மது காய்ச்சிய தளபதி

கலவானையிலிருந்து சிங்கராஜ வனத்துக்குச் செல்லும் வழியில் கித்துள் மரத்துக்குக் குறைவில்லை. பாளை சீவி இறக்கிய இனிய நீர் தானே நுரைத்துக் கள்ளாவதைச் சிறுவனாயிருக்கும்போதே கண்டிருக்கிறேன். ஆயினும், ஊசியிலை மரத்தின் தளிரிலிருந்தும் மது காய்ச்சலாம் என்பதை ஜேம்ஸ் குக்கின் வரலாற்றைப் படித்தபோதுதான் அறிந்தேன். வனத்தோரம் நட்டிருக்கும் பைன் மரங்களைக் காணுந்தோறும் அவர் நினைவு வருகிறது.

1728 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், பண்ணைக் கூலி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் குக். லயத்திற் பிறந்த எனக்கு அவர்மீது பற்று உண்டானதற்கு அதுவே முதற்காரணம். நிலக்கரிக் கப்பலில் தொழில் பழகி, 1755 இல் கடற்படையிற் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். மூன்றாண்டுகளின் பின் அத்திலாந்திக்கைக் கடக்கையில், ஸ்கர்வி நோயால் தோழர் பலர் மாய்வதைக் கண்டார். ஈறு வீங்கி, பல் ஆடி, ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும் கொடிய நோய் அது. வட அமெரிக்கக் கரையிலோ, ஸ்புரூஸ் மரத் தளிரிற் காய்ச்சிய பியரை அந்நோய்க்கு மருந்தெனக் குடித்தனர். அங்குள்ள ஆதிக்குடிகள் 1536 இலேயே ஊசியிலைக் கஷாயத்தால் கார்ட்டியே என்ற பிரெஞ்சுக்காரரின் ஆட்களைப் பிழைக்க வைத்திருந்தார்கள்.

1773 இல் நியூசிலாந்தின் டஸ்கி சவுண்டில் நங்கூரமிட்ட குக், ஸ்புரூஸை ஒத்த ரிமு மரத்தின் இளங்கிளைகளை வெட்டுவித்தார். பட்டை கழன்றுவரும்வரை மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவைத்து, துவர்ப்பு அடங்க மானுக்கா இலையும் கூட்டி, வெல்லப்பாகும் முளைதானியச் சாறும் கலந்து, பீப்பாயில் நுரைக்க விட்டார். மூன்றாண்டுகள் நீண்ட அப்பயணத்தில் நோயால் இறந்தவர் ஒருவரே. அவரும் ஸ்கர்வியால் இறக்கவில்லை. 1776 இல் ரோயல் சொசைட்டி குக்குக்குக் கொப்ளி பதக்கம் அளித்தபோது, அவர் மீண்டும் கடலில் இருந்தார்.

மாலுமிகளைக் காத்தது அந்த மதுதானா? அவ்வளவு நேரக் கொதிப்பில் உயிர்ச்சத்து சி பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதை இன்று அறிவோம். இறங்கிய கரைதோறும் அவர் பறிப்பித்த பச்சைக் கீரைகளே உண்மையான மருந்து. முளைதானியச் சாற்றை அவர் மிகையாகப் புகழ்ந்தார்; எலுமிச்சைச் சாறு கடற்படையில் நிலைபெற 1795 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதற் பயணத்திலே மாலுமிகள் புளித்த முட்டைக்கோசை வெறுத்தபோது, அவர் அதட்டவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் அதைப் பரிமாறச் செய்துவிட்டு வாளாவிருந்தார்; பெரியவர் உண்பதைக் கண்ட மாலுமிகள் தாமே கேட்டு வாங்கி உண்டனர். மூன்றாம் பயணத்தில் அந்தப் பொறுமை எங்கே போயிற்றோ! 1778 டிசம்பரில் ஹவாய்க் கடலில் கரும்புச்சாற்றிலிருந்து மது காய்ச்சினார். மாலுமிகள் தொட மறுத்தனர். சினந்த குக், அவர்களுக்குரிய சாராயப் பங்கையே நிறுத்திவிட்டார். தோட்டத்திலே துரைமாரின் கோபத்தைக் கண்டு வளர்ந்தவனாகையால், எனக்கு இவ்விடத்தில் மாலுமிகள்மேல்தான் பரிவு.

ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின், களவுபோன படகொன்றை மீட்பதற்காகத் தீவின் அரசரையே பிணையாகப் பிடிக்க முயன்று, 1779 பெப்ரவரி 14 ஆம் நாள் கேலகெகுவா குடாவிலே கொல்லப்பட்டார். எஞ்சிய உடற்பகுதிகளைத் தீவினர் பின்னர் திருப்பிக் கொடுத்தனர். அவருடைய மதுவை மறுத்த அதே மாலுமிகள், அவற்றை அக்குடாவின் நீரிலேயே அடக்கம் செய்தார்கள்.