ஆனந்தரங்கப் பிள்ளையும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

அஜக்ஸில் வாங்கிய சமோசாப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் பிரெஞ்சு. சாப்பாட்டுக்கு முன் கொறிக்கும் பண்டங்களுக்கான பிரெஞ்சுச் சொல்லை எழுத்துக்கூட்டி 'ஹோர்ஸ் தொவ்ரே' என்று வாசித்தேன். பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் மகள் சிரித்தாள். அது 'ஓர் தெவ்ர்' தானாம். எழுதும் 'ஹ'வும் 'ஸ'வும் ஒலிப்பதில்லை. பன்மையிலும் பிரெஞ்சில் அதன் எழுத்து மாறாது.

ஓரெழுத்துப் பிசகினாலும் ஓடாத மென்பொருளோடு மல்லுக்கட்டுபவன் நான். அன்றிரவு ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்து வணிகம் பழகினார். தந்தையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கும்பனியின் தலைமைத் தரகர். 1716இல் அவரைத் தண்டித்தார்கள். அந்த வழக்கில் சாட்சிகள் தமக்குப் புரியாத பிரெஞ்சில் எழுதிய வாக்குமூலங்களில் ஒப்பமிட்டனர். அடுத்த ஆண்டு அவர் சிறையிலேயே மாண்டார். பிறர் மொழி புரியாமற் போனால் என்ன நேரும் என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருந்தது.

1746இல் கனகராய முதலியார் இறந்தபின், அவர் வகித்த துபாஷிப் பதவி பிள்ளைக்கு வந்தது. ஆளுநர் தூப்ளெக்ஸுக்கு வலக்கையாக இருந்தார். 1754இல் தூப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டதும் பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் காலமானார்.

1736 செப்டம்பர் 6 முதல் இறுதிவரை, இடையிடையே விடுபட்டாலும், அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். யாரும் கேட்டு எழுதியதல்ல. பிரெஞ்சுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார். துரைமாரின் பெயருக்கு முன் வரும் மரியாதைச் சொல் அவரிடம் 'முசே' ஆயிற்று. எழுத்துக்கூட்டியிருந்தால் 'மொன்சியூர்' என்றாகி, எந்தப் பிரெஞ்சுக்காரனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

அந்த ஏடுகளை 1846இல் கலுவா மொன்பிரேன் கண்டெடுத்தார். 1904 முதல் அவை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன.

'ஓர் தெவ்ர்' என்பதன் நேர்ப்பொருள் 'வேலைக்கு வெளியே' என்பது. பிள்ளையின் பதவி போயிற்று. அவர் பணிசெய்த கும்பனியும் போயிற்று. வேலைக்கு வெளியே அவர் எழுதியதுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.